வண்டி வீட்டார்

எங்கள் ஊரில் பிள்ளையை யாருடைய வண்டியில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார்களோ, அவருடைய பெயரின் முதல் எழுத்துதான் பிள்ளைக்கு இன்ஷியல். முன்பு வேறு மாதிரி இருந்ததாகச் சொல்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் நான் குறை காணவில்லை. பிள்ளை எந்த வண்டியில் வந்து இறங்குகிறது என்பதைப் பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் பார்க்கிறார்கள். பிள்ளை பிறந்த விதத்தை அப்படி யாரும் நின்று பார்ப்பதில்லை.

என் பெயர் நெல்லையப்பன். உரம் விற்கும் சங்கத்தில் கடிதப் பிரிவில் இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு வண்டி இல்லை. ஓட்டவும் தெரியாது. என் மகள் பூங்கோதை ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பக்கத்து வீட்டுக் குணசீலன் தன் பெரிய வண்டியில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். கேட்காமல் செய்த உதவி.

எழுத்து ஒரே நாளில் மாறவில்லை. முதலில் அவளுடைய அடையாள அட்டையில் ‘நெ’ வெளுத்தது. பிறகு அதன் கொம்பு உதிர்ந்தது. பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் அதைக் கண்டெடுத்தேன். சில நாட்கள் கழித்து அந்த இடத்தில் ‘கு’ அரும்பியது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு ஒன்றில் அவள் பெயரை வெட்டி வைத்திருந்தோம். அதிலும் மாறத் தொடங்கியது.

“தட்டுலயும் வந்துட்டு,” என்றாள் என் மனைவி செங்கமலம். அவள் நூல் மில்லுக்குப் போகிறவள். விடியும் முன்பே மில் வேன் வந்து அவளை ஏற்றிக்கொள்ளும். “தேங்கா நாரு போட்டுத் தேச்சுப் பாத்தேன். போவமாட்டேங்கு.”

பூசை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று முதல் மணியோடு எழுத்து இறுகிவிடும். இறுகிவிட்டால் பிள்ளை எந்த எழுத்துக்கு உரியதோ அந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும். அந்த வீட்டில்தான் படுக்க வேண்டும். நாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் தடையில்லை.

நான் பூங்கோதையிடம் கேட்டேன். “உனக்கு அங்க போக இஷ்டமா?”

அவள் யோசித்தாள். “குணா மாமா வீட்ல பீரோ மேல ஏறி வெளையாடலாம். ஆனா படுக்க எடமில்லப்பா. செவத்தோரம் பூராம் ஆளு இருக்கு.”

“அப்படின்னா?”

“நீங்க ஒரு வண்டி வாங்கிருங்களேன்,” என்றாள். பென்சில் வாங்கச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது.

வண்டி தேடும் முன் நான் ஒன்று முயன்று பார்த்தேன். அவளை நடத்திக் கூட்டிப்போனேன். நடந்து வருகிறவர்களுக்கு எங்கள் பள்ளிக்கூடம் தள்ளிப் போகும். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம்தான் பள்ளிக்கூடம். தொட்டியை அடைந்தபோது அது தீப்பெட்டி ஆபீசுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தீப்பெட்டி ஆபீசை அடைந்தபோது கொடிக்கம்பம் மட்டும் தெரிந்தது. பின்னால் குணசீலனின் வண்டிச் சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி, பிள்ளைய ஏத்தி விடுங்க. காலு வலிக்கப் போவுது.”

“பரவால்ல. பக்கத்துலதான்.”

“பக்கத்துலதான் இருந்துச்சு. இப்ப இல்லல்லா.”

அவருடைய வண்டியின் சீட்டு நீளமானது. ஒவ்வொரு பிள்ளையை ஏற்றும்போதும் ஒரு சாண் வளரும். தெருவில் பாதிப் பிள்ளைகள் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ‘கு’. பூங்கோதை பெட்ரோல் டாங்கின் மேல், அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் ஏறிக்கொண்டாள்.

“எனக்கு மட்டும் ஆசையா அண்ணாச்சி?” என்றார் குணசீலன். அவர் கண் கலங்கியிருந்தது. “இத்தன பேருக்கும் நாந்தான் காது குத்தணும். நாந்தான் கட்டிக் குடுக்கணும். நெனச்சா சோறு எறங்கல. அதுக்காவ பிள்ளைய நடக்க விட முடியுமா?”

நான் அவருக்கு நன்றி சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கே போய் எல்.எல்.ஆர். போட்டேன். பழகுநர் உரிமம் கொடுத்த அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி நிற்கச் சொன்னார். நின்றேன். முதுகில் ஏதோ குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். முதுகுப் பக்கம் சிவப்பில் பெரிய ‘எல்’ இருந்தது. வேறு சட்டையைப் போட்டேன். அதிலும் இருந்தது. பனியனிலும் இருந்தது. குளிக்கும்போது செங்கமலம் முதுகு தேய்த்தாள். அந்த இடத்தைச் சுற்றித்தான் தேய்த்தாள்.

சங்கத்தில் எல்லோரும் விதியை மதிக்கிறவர்கள். எனக்குப் பின்னால் இடைவெளி விட்டு நடந்தார்கள். தாழ்வாரத்தில் என்னைத் தாண்டும் முன் கையை நீட்டிக் காட்டிவிட்டுத் தாண்டினார்கள். காசாளர் அம்மாள் மட்டும் வாயால் ஹாரன் அடித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க திடீர்னு திரும்பிட்டீங்கன்னா?” நான் திடீரென்று திரும்பும் ஆளில்லை. ஆனாலும் அதன் பிறகு, திரும்பும் முன் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நிற்க.

எங்கள் ஊரில் வண்டியை நாம் போய்ப் பார்ப்பதில்லை. வண்டி வீட்டார்தான் வந்து நம்மைப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு புரோக்கர் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் ஆவுடையப்பன். அவர் மஞ்சள் பையில் வண்டிகளின் போட்டோக்களை வைத்திருந்தார். அதை எடுக்கவில்லை. முதலில் இஞ்சு டேப்பை எடுத்தார்.

“நில்லுங்க. காலை அகட்டுங்க.”

இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். மறுபடி அளந்தார். செங்கமலத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“கொறச்சலாத்தான் இருக்கு. இந்தா பாருங்க அண்ணாச்சி, புதுசாப் படிக்கிறவருக்கு சீட்டு ஒசரம் ஆவாது. நிப்பாட்டுனா ரெண்டு காலும் பூமியில பதியணும். பெருவெரல் மட்டும் பட்டா அது பரதநாட்டியம்.”

“சரி.”

“எடை எவ்வளவு தாங்குவிய?”

“எதுக்கு?”

“கீழ போடுவியல்லா. போட்டா யாரு தூக்க? நீங்கதான தூக்கணும். இப்ப அரிசி மூட்டைன்னா எவ்வளவு தூக்குவிய?”

நான் செங்கமலத்தைப் பார்த்தேன்.

“பாதி,” என்றாள் அவள்.

ஆவுடையப்பன் பையை மூடினார். “பெரிய எடமா எதிர்பாக்காதிய. நூத்தம்பது சிசி ஒண்ணு இருக்கு. நல்ல குடும்பம். வந்து பாப்பாவ. ஆனா சொல்ல முடியாது.”

நூற்றைம்பது வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்தார்கள். மாமாக்கள், சித்தப்பாக்கள், ஒரு வக்கீல். வண்டியைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூடத்தில் நிறுத்தினார்கள். கறுப்பு நிறம். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. தலை வேறு பக்கம் திரும்பியிருந்தது. அது என்னைப் பார்க்கவேயில்லை.

செங்கமலம் என்னிடம் காப்பித் தட்டைக் கொடுத்தாள். நான் தலை குனிந்து வந்து எல்லோருக்கும் நீட்டினேன். வண்டிக்கு முன்னாலும் ஒரு டம்ளர் வைத்தேன்.

“கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க,” என்றார் பெரிய மாமா.

நான் நடந்தேன். சுவர்வரை போய், நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பினேன். முதுகை அவர்கள் பார்த்தார்கள்.

“கிளட்ச் புடிச்சுக் காட்டச் சொல்லுங்க.”

நான் இடது கையைக் காற்றில் நீட்டி மெல்ல மடக்கினேன். விரல்கள் சட்டென்று விட்டுவிட்டன. காற்று அணைந்துபோனது. மேலே மின்விசிறியும் நின்றுவிட்டது.

“புதுசுதான, பழகிருவாரு,” என்றார் ஆவுடையப்பன்.

“எங்க வண்டிக்குப் பிக்கப் ஜாஸ்தி,” என்றார் வக்கீல். “தொட்டாலே எகிறும். நாங்க செல்லமா வளத்துட்டோம். இவரு பயந்த சுபாவமா தெரியுதாரு.”

“பயமெல்லாம் இல்ல,” என்றேன். என் குரல் வேறு அறையிலிருந்து வந்தது.

அவர்கள் கேசரி சாப்பிட்டார்கள். பஜ்ஜியில் வெங்காயம் நன்றாக இருந்ததென்றார்கள். எழுந்து கும்பிட்டார்கள். “ஊருக்குப் போய் லெட்டர் போடுதோம்.” நான் கடிதப் பிரிவில் இருப்பவன். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பூங்கோதை நின்றிருந்தாள். மிஞ்சிய கேசரியைத் தின்றாள்.

“அப்பா, நீங்க நடக்கும்போது கைய இப்படி வச்சுக்கிட்டியளே, ஏன்?”

“எப்படி?”

அவள் செய்து காட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்து வந்தது நூற்று இருபத்தைந்து. நீல நிறம். இவர்கள் மரியாதையான குடும்பம். நடக்கச் சொல்லவில்லை. முதுகைப் பார்த்தும் பாராமல் இருந்தார்கள். வண்டியின் அக்காள் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“வண்டி ஒங்கட்டத் தனியாப் பேசணும்னு சொல்லுது. இந்தக் காலத்துல தப்பில்லல்லா.”

எங்களை மொட்டைமாடியில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வண்டி எப்படிப் படி ஏறியது என்று தெரியவில்லை. துணி காய்கிற கொடிக்குக் கீழே நாங்கள் நின்றோம். பூங்கோதையின் பாவாடை நடுவில் ஆடியது.

“விழுந்தா தூக்குவியளா?” என்று கேட்டது வண்டி.

“முயற்சி செய்வேன்.”

“நீங்க நல்ல மாதிரியாத் தெரியுதிய.”

அதுவரை எந்த வண்டியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் காது சிவந்தது.

“அதனாலதான் ஒங்ககிட்டச் சொல்லுதேன். எனக்கு ஏற்கனவே ஒருத்தரப் புடிச்சிருக்கு. கயத்தாறுல முட்டை யாவாரம். ரெண்டு பக்கமும் தட்டு கட்டிக்கிட்டு மேடு பள்ளத்துல போனாலும் ஒரு முட்டை ஒடையாது. வீட்ல ஒத்துக்கிட மாட்டேங்காவ.”

“நான் என்ன செய்யணும்?”

“கீழ போயி, வண்டி புடிக்கலன்னு நீங்களே சொல்லிருங்க.”

நான் கீழே வந்தேன். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். ஆவுடையப்பன் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். நான் வண்டி பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

அக்காள் வீட்டுக்காரர் கேசரித் தட்டைத் தரையில் வைத்தார்.

“முதுகுல எழுத்த வச்சுக்கிட்டு எங்க வண்டியப் புடிக்கலங்கான். காலு எட்டாத பயலுக்குத் திமிரப் பாரேன்!”

தெருவில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். வேன் கிளம்பும்போது நீல வண்டி என்னை ஒரு தரம் பார்த்தது. இண்டிகேட்டரை ஒருமுறை சிமிட்டியது. அதற்கு நன்றி என்று அர்த்தமா, பக்கம் திரும்பப் போகிறது என்று அர்த்தமா, நான் அறியேன்.

“ஏன் அப்படிச் சொன்னிய?” என்றாள் செங்கமலம். நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அந்த முட்டை வியாபாரிக்கு ஆபத்து. அவள் காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். “ரவை தீந்துபோச்சு. இதுக்கு மேல யாராச்சும் வந்தா உப்புமாகூட கெடையாது.”

பூங்கோதை என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தாள். “பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தா அந்தக் கரண்டு போஸ்ட்டு மரத்துக்குப் பின்னால நின்னுக்கிடுங்கப்பா. சும்மா கொஞ்ச நாளைக்கு.” நான் சரி என்றேன். அது மெலிந்த மரம். நான் ஒருக்களித்து நின்று பழகினேன்.

வண்டி அமையாவிட்டாலும் எட்டுப் போடத் தெரிந்திருக்க வேண்டும். எட்டுப் போட்டுக் காட்டாமல் யாருக்கும் லைசென்ஸ் இல்லை. சந்தைப் பொட்டலில் மாலை நேரங்களில் கற்றுக்கொள்கிறவர்கள் எட்டு எட்டாகச் சுற்றுவார்கள். நான் வண்டி இல்லாமலே சுற்றினேன். கைகளை முன்னால் நீட்டி, ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டேன். வாயால் சத்தம் கொடுத்தேன். சத்தம் கொடுக்காவிட்டால் மற்றவர்கள் வந்து என் மேல் மோதிவிடுவார்கள்.

மஞ்சள் கொடி பிடித்த இன்ஸ்பெக்டர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“கீழ் வட்டம் பரவால்ல. மேல் வட்டத்துக்குப் போகையில ஒம்ம முகம் மாறுது. ஏன்?”

“தெரியல சார்.”

“வீட்ல பிரச்சினையா?”

“இன்ஷியல் சார்.”

அவர் கொடியைத் தாழ்த்தினார். அவருடைய சட்டைப்பையில் குத்தியிருந்த பெயரில் இன்ஷியல் இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது. “மேல் வட்டத்தப் பாக்காதீரும். நேரா பாரும்,” என்றார்.

ஆயுத பூசை வந்தது. ஊரில் எல்லா வண்டிகளும் குளித்து, சந்தனம் பூசி, மாலை போட்டு நின்றன. எங்கள் வீட்டில் அரிவாள்மனைக்கும் என் பேனாவுக்கும் பொட்டு வைத்தோம். நடுவில் ஒரு வண்டி நிற்குமளவுக்கு இடம் காலியாக இருந்தது. செங்கமலம் அங்கேயும் கோலம் போட்டாள். மறுநாள் விஜயதசமி. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடம்.

பொரிகடலையை அள்ளிக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன் வந்தார். பின்னால் ஒரு நூறு சிசி வண்டி தானாக வந்தது. பழைய சிவப்பு. டாங்கில் ஒரு நசுங்கல். உடன் யாரும் இல்லை.

“வீட்ல பெரியவங்க வரலியா?” என்று கேட்டாள் செங்கமலம்.

“பூசை நடக்குது,” என்றது வண்டி. “என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாவ. மூணு எடத்துல இருந்து திரும்பி வந்த வண்டின்னு.”

கேசரி இல்லை என்பதைச் செங்கமலம் சொல்ல வாயெடுத்தாள். “பொரி போதும்,” என்றது வண்டி.

“உக்காந்து பாருங்க அண்ணாச்சி,” என்றார் ஆவுடையப்பன்.

உட்கார்ந்தேன். இரண்டு கால்களையும் இறக்கினேன். பாதம் முழுவதும் தரையில் பதிந்தது. குதிகால்கூடப் பதிந்தது. ஆவுடையப்பன் குனிந்து, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

“பதிஞ்சிட்டு,” என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளட்சைப் பிடித்தேன். இடியாப்ப மாவைப் பிடித்த மாதிரி இருந்தது. வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தினேன். பாதி மூட்டைதான். பூங்கோதை அடுக்களையிலிருந்து வெளியே வந்து நின்றாள். வாய் நிறையப் பொரி இருந்தது. அவள் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

“எனக்குச் சம்மதம்,” என்றது வண்டி. “எனக்கும் வேற வழி இல்ல. ஒரே ஒரு வெசயம்.”

“சொல்லு.”

“எனக்குத் தெரிஞ்ச வண்டி ஏதாச்சும் எதிர்ல வந்தா, நீங்க எறங்கிரணும். யாரு வண்டியையோ தள்ளிக்கிட்டுப் போற மாதிரி போவணும். நான் ஒங்களத் தெரிஞ்ச மாதிரி இருக்க மாட்டேன்.”

“ஏன்?”

“முதுகுல அது இருக்குல்லா.”

“அது நியாயந்தான?” என்று செங்கமலம் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நான் வண்டியாக இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று செங்கமலம் மில்லுக்குப் போகவில்லை. சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நான் உதைத்தேன். வண்டி உயிர் பெற்றது. கிளட்சை விட்டேன். முன்சக்கரம் பழத்தின் மேல் ஏறப் பார்த்தது. ஏற முடியவில்லை. மறுபடி முயன்றேன். தெரு முழுக்க வாசலில் நின்றது. கடைசியில் பழத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். செங்கமலம் குனிந்து இரண்டு பழங்களையும் எடுத்துக்கொண்டாள்.

“ஊறுகாய்க்கு ஆச்சு,” என்றாள் சத்தமாக. தெருவுக்குக் கேட்கட்டும் என்று.

பூங்கோதை பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதல் கியரில் போனோம். ஆடு ஓட்டி வந்த ஒரு பெண் எங்களைத் தாண்டினாள். ஆடுகளும் ஒவ்வொன்றாகத் தாண்டின.

“அப்பா, ரெண்டாவது போடுங்க.”

“போடலாம்.”

“எப்ப?”

“ரோடு வரட்டும்.”

“இதுதான் ரோடு.”

இரண்டாவது போட்டேன். பள்ளிக்கூடம் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் சரியான இடத்தில் இருந்தது. அப்போது எதிரில் ஒரு பால் வண்டி வந்தது.

“எறங்குங்க, எறங்குங்க,” என்றது வண்டி கீழ்க்குரலில். “எங்க பெரியப்பா மகன்.”

இறங்கினேன். தள்ளினேன். பூங்கோதையும் குதித்து இறங்கி, சாலையின் எதிர்ப்புறம் போய் நடந்தாள். வண்டி தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்களாக நடந்தோம். பால் வண்டி போன பிறகு மறுபடி சேர்ந்துகொண்டோம்.

அந்தச் சாலையில் வண்டிக்குத் தெரிந்தவர்கள் அதிகம். கேஸ் சிலிண்டர் வண்டி வந்தது. ஐஸ் பெட்டி வைத்த மீன் வண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் இறங்கினோம். இறங்கினால் நடக்கிறவர்கள் ஆகிவிடுகிறோம். நடக்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் தள்ளிப் போகும். அது தீப்பெட்டி ஆபீசைத் தாண்டிப் போனது. கொடிக்கம்பம் மட்டும் தெரிந்தது. ஆனாலும் அதன் கீழே வாட்ச்மேன் மணிக் கட்டையைக் கையில் எடுப்பது தெளிவாகத் தெரிந்தது.

நான் ஏறி உதைத்தேன். வண்டி உயிர் பெறவில்லை. மறுபடி உதைத்தேன். கிளட்சைப் பிடித்திருந்தேனா, விட்டிருந்தேனா என்று குழம்பிவிட்டது. என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

பக்கத்தில் குணசீலனின் வண்டி வந்து நின்றது. நீளமான சீட்டில் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள். டாங்கின் மேல் இடம் காலியாக இருந்தது.

“ஏறிக்கோட்டி,” என்றார் பூங்கோதையிடம். “மணி அடிக்கப் போறான். அண்ணாச்சி, கோச்சுக்காதிய. முத நாளே லேட்டானா டீச்சர் வெளிய நிப்பாட்டிருவாவ.”

பிள்ளைகள் எல்லோரும் என் முதுகைப் பார்த்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். ஒரு எழுத்துதான். ஆனாலும் சேர்ந்து வாசித்தார்கள்.

நான் பூங்கோதையைப் பார்க்காமல் சொன்னேன். “ஏறிக்கோ.” அவள் காதில் விழாத அளவுக்குத்தான் சொன்னேன்.

அவள் காலி இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் இடது கையைப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள். “பின்னால தள்ளி உக்காருங்க.”

“நீ...”

“தெனமும் மாமா கைக்கு நடுவுலதான உக்காந்து போறேன். அவிய என்ன செய்வாவன்னு எனக்குத் தெரியும். சீக்கிரம்பா.”

நான் தள்ளி உட்கார்ந்தேன். அவள் முன்னால் ஏறினாள். அவளுடைய கால் தரையில் எட்டவில்லை. பெருவிரல்கூட எட்டவில்லை. நான் என் இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டேன். அவள் கிளட்சைப் பிடித்து, மிதிகட்டையில் ஏறி நின்று உதைத்தாள். ஒரே உதை.

“தெரிஞ்சவங்க வந்தா?” என்று கேட்டது வண்டி.

“வரட்டும்,” என்றாள் பூங்கோதை.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நான்காவது இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எதிரில் நிறைய வண்டிகள் வந்தன. நாங்கள் இறங்கவில்லை. நான் பின் கம்பியைப் பிடித்திருந்தேன். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். காற்றில் அவள் சடை என் முகத்தில் அடித்தது. பள்ளிக்கூடம் எங்களை நோக்கி வந்தது.

வாசலுக்குள் முன்சக்கரம் நுழைந்தபோது மணி அடித்தது.

எல்லோரும் பார்த்தார்கள். குணசீலனும் பின்னால் வந்து சேர்ந்தார். வாசலில் ஆறாம் வகுப்பு ஜெயராணி டீச்சர் நின்றிருந்தார். அவர் வண்டியைப் பார்த்தார். முன்னால் இருந்தவளைப் பார்த்தார். பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

பூங்கோதை அடையாள அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ‘கு’ போயிருந்தது. ‘நெ’ வரவில்லை. பெயர் மட்டும் இருந்தது. முன்னால் இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது. வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு முன் எழுத்து கிடையாது.

“படுக்க ஒரு பாய் மிச்சம்,” என்றார் குணசீலன். சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்க உள்ள வாங்க,” என்றார் டீச்சர் என்னிடம்.

“நானா?”

“கொண்டாந்து விட்டவங்க வெளிய. வந்தவங்க உள்ள. புதுசா என்ன?”

நான் பூங்கோதையைப் பார்த்தேன். அவள் தன் புத்தகப்பையைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். வார் எனக்குச் சிறிதாக இருந்தது. அவள் அதை நீட்டிச் சரிசெய்தாள்.

“சோத்தக் கொட்டிராதிய,” என்றாள். “சாயங்காலம் வாரேன். கேட்ட விட்டு வெளிய வரக் கூடாது. குணா மாமா கூப்பிட்டாலும் ஏறக் கூடாது.”

“நீ வீட்டுக்கு எப்படிப் போவ?”

“இதுலதான்.”

“ஒனக்குக் கால் எட்டலியே.”

அவள் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். டீச்சர் என் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பினார்.

மூன்றாவது பெஞ்சில் இடம் இருந்தது. என் முழங்கால் மேசைக்கு அடியில் நுழையவில்லை. பக்கவாட்டில் வைத்துக்கொண்டேன். டீச்சர் வருகைப்பதிவு எடுத்தார். கு, கு, கு என்று வரிசையாகப் போயிற்று. எல்லோரும் உரக்கப் பதில் சொன்னார்கள்.

“பூ. நெல்லையப்பன்.”

யாரையோ கூப்பிடுகிறார் என்று இருந்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளை என் விலாவில் முழங்கையால் இடித்தது.

“உள்ளேன் டீச்சர்,” என்றேன்.

வெளியே வண்டியைத் திருப்புகிற சத்தம் கேட்டது. ஜன்னல் என் வலது பக்கம் இருந்தது. வாசலில் லாரிகள் போகிற சாலை. அவள் இரண்டு பக்கமும் பார்ப்பாளா என்று தெரியவில்லை. நிறுத்த வேண்டி வந்தால் எதன் மேல் கால் ஊன்றுவாள் என்றும் தெரியவில்லை. நான் எழப்போனேன்.

“பலகையப் பாருங்க,” என்றார் டீச்சர்.

நான் பலகையைப் பார்த்தேன். வெளியே எஞ்சின் ஒருமுறை உறுமியது. பிறகு தாழ்ந்தது. அது கிளம்புகிற சத்தமா, நின்றுபோகிற சத்தமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்த வித்தியாசம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.